கதவு போட்ட கூடமா, கூரை மட்டுமா? சுயசேவை கார் கழுவுமிடமும் காலநிலையும்

சுயசேவை கார் கழுவுமிடம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் எந்த பம்ப், எந்த சோப்பு என்பவை எளிதானவை. தவறிவிட்டால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. நான்கு பக்கமும் அடைத்துக் கதவு போட்ட கூடமாகக் கட்டுவதா, கூரையும் பக்கச் சுவர்களும் மட்டும் எழுப்பி முன்னும் பின்னும் திறந்து விடுவதா? கான்கிரீட் இறுகிய பிறகு இதில் மனம் மாறினால் பாதிக் கட்டடத்தை இடிக்க வேண்டியிருக்கும்.

பலர் வேறோர் இடத்தில் நன்றாக ஓடும் கூடத்தைப் பார்த்துவிட்டு அதே வரைபடத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். பனி பெய்யும் நாட்டுக்கு வரைந்த கூடத்தை வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் கட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டிலேயே சுவர் மூலைகளில் கரும்பூஞ்சை படர்ந்தது. நாணயப் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு ஏறியது. மூச்சு முட்டுகிறது என்று வாடிக்கையாளர்கள் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள். அவ்வளவு செலவில் போட்ட கதவுகள் பிறகு மூடப்படவே இல்லை. அந்த உரிமையாளரின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் கழுவும் பிரஷர் கன்னிலிருந்து பாய்ந்த நீர் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். உறைகிறதா, ஆவியாகிப் பறந்துவிடுகிறதா, எங்கும் போகாமல் அங்கேயே தங்கிவிடுகிறதா? கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு கேள்வியே பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

தேர்வுகள் மூன்று. முதலாவது திறந்த கொட்டில்: மேலே கூரை, கார்களுக்கு இடையே தடுப்புச் சுவர், முன்னும் பின்னும் வெட்டவெளி. இரண்டாவது பருவக் கொட்டில்: அதே அமைப்பில் இருபுறமும் ஷட்டரோ தடித்த பிளாஸ்டிக் திரையோ பொருத்தி, வேண்டிய மாதங்களில் மட்டும் மூடுவது. மூன்றாவது மூடிய கூடம்: சுவர், கதவு, காற்றோட்டக் கருவி, தேவைப்பட்டால் வெப்பமூட்டல் என அனைத்தும் ஆண்டு முழுவதும் இயங்குவது.

இவற்றை நான் ஆறு அளவுகோல்களால் அளக்கிறேன்.

- கூட்டம் அதிகம் வரும் நாட்களில் கொட்டில் வேலை செய்யும் நிலையில் இருக்குமா? ஆண்டு சராசரி இங்கே உதவாது. உச்ச நாட்கள்தான் கணக்கு.
- நீர் எவ்வளவு வீணாகிறது, எந்தத் தரத்தில் கிடைக்கிறது?
- வெப்பமூட்டவும் காற்றை மாற்றவும் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது?
- தரை, சுவர், கதவு, மின்கருவிகள் எத்தனை ஆண்டு தாங்கும்?
- உள்ளே நிற்பவர் வழுக்கி விழாமல், நச்சுக்காற்றை மூச்சிழுக்காமல், மின்னதிர்ச்சி பெறாமல் வெளியே போவாரா?
- ஒரு கார் கொட்டிலை எவ்வளவு நேரம் அடைத்துக்கொள்கிறது?

கடைசி அளவுகோலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதமான கூடத்துக்குள் வந்தவர் கழுவி முடித்தவுடன் கிளம்புவதில்லை. துணி எடுத்துத் துடைப்பார், கால்மிதியைத் தட்டுவார், கண்ணாடிக்கு இன்னொரு முறை போவார். காசு போட்டு ஓடவிட்ட டைமர் நின்று பத்து நிமிடம் ஆகியும் கார் உள்ளேயே நிற்கும். வெளியே வரிசையில் இருப்பவர் பொறுமை இழந்து போய்விடுவார். மூடிய கூடம் கட்டுபவர்கள் துடைப்பதற்குத் தனி நிழலிடம் ஒதுக்காவிட்டால், நான்கு கொட்டில் கட்டியும் மூன்று கொட்டிலின் வருமானமே கிடைக்கும்.

ஒப்பீட்டுக்கு ஒரே அளவை வைத்துக்கொள்வோம். நான்கு கொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரஷர் கன், ஒரு நுரை பிரஷ். கன் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் நீரை 70 முதல் 100 பார் அழுத்தத்தில் பீச்சுகிறது. ஒருவர் ஐந்து நிமிடம் பீச்சினால் 60 லிட்டர். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த 60 லிட்டரைச் சுற்றியே இருக்கும்.

என் முடிவுகளை முதலில் அட்டவணையாகத் தருகிறேன். காரணங்கள் பின்னால் வருகின்றன.

| காலநிலை | என் தேர்வு | பெரிய செலவு | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்போது வேறு தேர்வு |
|---|---|---|---|---|
| நீண்ட உறைபனி | மூடிய கூடம் | தரை வெப்பமூட்டல் | காற்று மாற்றம், கதவு ஸ்பிரிங், உப்பரிப்பு | கார்கள் குறைவென்றால் குளிர்காலத்தில் அடைத்துவிடலாம் |
| சில இரவுகள் மட்டும் உறைபனி | பருவக் கொட்டில் அல்லது திறந்த கொட்டில் | குழாய்ப் பாதுகாப்பு | மறந்துபோன ஒரே ஓர் இரவு | அருகே வீடுகள் இருந்து சத்தம் தொல்லையானால் மூடிய கூடம் |
| வெப்பம், வறட்சி | காற்றுத் திசைக்கு மறைப்புள்ள திறந்த கொட்டில் | நீரும் அதன் சுத்திகரிப்பும் | மணல், உப்புச் செறிவு | புழுதிப்புயல் அடிக்கடி வீசினால் பருவக் கொட்டில் |
| வெப்பம், ஈரம், கடலோரம் | உயரக் கூரையுள்ள திறந்த கொட்டில் | வடிகால், துருப்பிடிக்காத உலோகம் | பூஞ்சை, மின்கருவிப் பழுது, கொசு | நிலத்தடித் தளம் போன்ற ஏற்கெனவே அடைத்த கட்டடம் மட்டுமே கிடைத்தால் மூடிய கூடம் |

## நீண்ட உறைபனிக் காலம்

மூடிய கூடம் தன் செலவை நியாயப்படுத்தும் இடம் இதுதான். ஆனால் பலர் நினைக்கும் காரணத்தால் அல்ல. குளிரில் கார் கழுவ வருபவர் இதத்தைத் தேடி வருவதில்லை. சாலைப் பனியை உருக்கத் தூவிய உப்பு காரின் அடிப்பகுதியைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதால் வருகிறார். பனிப்பொழிவு நின்று, வெயில் எட்டிப்பார்த்து, வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் நாளில்தான் வரிசை நீளும். அந்த நாளில் கொட்டிலின் தரை பனிக்கட்டியாகக் கிடந்தால் குளிர்காலத்தின் சிறந்த வருமானம் போய்விடும்.

வரவுக் கணக்கில் எச்சரிக்கை தேவை. கடுங்குளிரில், மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால், கூடம் எவ்வளவு இதமாக இருந்தாலும் கூட்டம் குறையும். கழுவி வெளியே போனதும் கதவுப் பூட்டும் ரப்பர் விளிம்பும் உறைந்துவிடும் என்று கார்க்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் சரியானதும்கூட. எனவே குளிர்காலம் முழுவதையும் வருமான நாட்களாகப் போட்டுக் கடன் வாங்காதீர்கள்.

இதே இடத்தில் திறந்த கொட்டில் வைத்தால் என்ன ஆகும்? நீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரியும். குழாய், கன், பம்ப்பின் தலை எல்லாம் அந்த விரிவில் வெடிக்கும். அதைத் தவிர்க்க, உறையும் வெப்பநிலை நெருங்கியதும் எல்லாக் குழாய்களிலும் நீரைச் சிறுகச் சிறுக ஓடவிடுவார்கள். ஒரு குழாயில் நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று வைத்தால், கன்னுக்கும் பிரஷுக்குமான எட்டுக் குழாய்களுக்கு ஒரு நாளில் 5,760 லிட்டர் ஆகிறது. 96 கார்களைக் கழுவும் நீர், ஒரு கார்கூட வராத நாளிலும் சாக்கடைக்குப் போகும். உறைபனி நான்கு மாதம் நீடித்தால் இந்த வழியை நினைக்கவே கூடாது.

தரையை எந்த அமைப்பிலும் வெப்பமூட்டியாக வேண்டும். கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து, பாய்லரில் சூடாக்கிய புரோப்பிலீன் கிளைகோல் கலந்த நீரை ஓடவிடுகிறார்கள். கலவையில் கிளைகோல் 30 சதவீதம் இருந்தால் சுமார் மைனஸ் 13 டிகிரி வரையும், 50 சதவீதம் இருந்தால் சுமார் மைனஸ் 34 டிகிரி வரையும் உறையாது. எதிலின் கிளைகோல் நச்சுத்தன்மை உடையது. கசிந்தால் வடிகாலுக்குப் போகும் இடத்தில் அதை நான் பயன்படுத்த மாட்டேன். வெட்டவெளித் தரையில் விழும் பனியை உருக்கச் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 வாட் வரை வேண்டும். ஒரு கொட்டில் 40 சதுர மீட்டர் என்றால் சுமார் 16 கிலோவாட். மூடிய கூடத்தில் தரையின்மீது பனி விழாது, காற்று வீசாது. இந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது. கூடத்தின் சுவர்கள் உண்மையில் சேமித்துத் தருவது இதைத்தான். தரைக்கு அடியிலும் ஓரங்களிலும் வெப்பக் காப்புப் பலகை வைக்காமல் கான்கிரீட் ஊற்றினால் பாய்லர் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அதைப் பிறகு சரிசெய்ய முடியாது.

இப்போது மூடிய கூடத்தின் மறைமுகச் செலவுகள். எல்லாரும் கதவு திறக்கும்போது வெளியேறும் வெப்பத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கொட்டிலுக்குள் சுமார் 126 கன மீட்டர் காற்று. உள்ளே 15 டிகிரி, வெளியே மைனஸ் 10. அந்தக் காற்று முழுவதும் ஒருமுறை மாறினால் ஏறத்தாழ ஒரு கிலோவாட் மணி போகிறது. கதவு சில முறை திறப்பதால் தொழில் முடங்காது. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் இரவும் பகலும் ஓடி மணிக்கு ஐந்து முறை காற்றை மாற்றினால், ஒவ்வொரு மணி நேரமும் ஐந்து கிலோவாட் மணி, ஒவ்வொரு கொட்டிலிலும் வெளியேறுகிறது. பணம் போகும் வழி இதுதான்.

அதற்காக ஃபேனை நிறுத்திவிடவும் முடியாது. ஓடும் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் சில நிமிடங்களில், புகையைச் சுத்தப்படுத்தும் கருவி சூடாகும் வரை, அது கூடுதலாக வெளிவரும். கழுவி முடித்து எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கதவு திறக்கக் காத்திருக்கும் அந்த நேரம்தான் ஆபத்தானது. எனவே கார்பன் மோனாக்சைடு உணரியும் ஈரப்பத உணரியும் சேர்ந்து ஃபேனை இயக்க வேண்டும். அளவு மீறினால் கதவுகள் தாமாகத் திறக்க வேண்டும். இந்த உணரிகளில் சிக்கனம் பார்க்கும் உரிமையாளருடன் நான் வேலை செய்ய மறுத்திருக்கிறேன்.

அடுத்தது மூடுபனி. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரிக் காற்று 5 கிராமைக்கூடத் தாங்காது. சூடான கூடத்தில் வெந்நீர் பீச்சிவிட்டுக் கதவைத் திறந்தால் எதிரே நிற்பவர் தெரியமாட்டார். குளிர்ந்த சுவர்களிலும் கதவுகளிலும் நீர் வழியும். மேலும், தரையிலிருந்து ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இதற்கு நான் கண்ட தீர்வு, கூடத்தின் காற்றை வீட்டைப் போலச் சூடாக்காமல் 5 முதல் 10 டிகிரியில் வைத்து, தரையை மட்டும் இளஞ்சூட்டில் காப்பது. மேலிருந்து அகச்சிவப்பு ஹீட்டர் வைத்தால் நிற்பவருக்கும் காருக்கும் சூடு படும். காற்றைச் சூடாக்கும் வீண்செலவு குறையும்.

கதவைப் பற்றியும் ஒரு கணக்கு. சாதாரண உருட்டுக் கதவின் ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடும் ஆயுளுக்குச் செய்யப்படுகிறது. வீட்டு கராஜில் அது பல ஆண்டுகள் வரும். நாளுக்கு 40 கார்கள் வரும் கொட்டிலில் 250 நாட்களில் அறுந்துவிடும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அதிகச் சுழற்சி தாங்கும் கதவுகளை முதலிலேயே வாங்குங்கள்; ஸ்பிரிங் இல்லாமல் காற்றழுத்தத்தில் இயங்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

உப்பு தரையையும் விடாது. உறைந்து உருகும் சுழற்சியைத் தாங்க, கான்கிரீட்டில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் 5 முதல் 7 சதவீதம் இருக்கும்படி கலவை போட வேண்டும். கம்பிகளுக்கு மேல்பூச்சு வேண்டும். நீரை மறுசுழற்சி செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வண்டல் தொட்டியும் வடிகட்டியும் மண்ணைப் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. கடைசி அலசலுக்கு மறுசுழற்சி நீரைக் கொடுத்தால், உப்பைக் கழுவ வந்தவரின் காரின்மீது உப்பைப் பூசி அனுப்புகிறோம். அது ஒரு வகையில் ஏமாற்று வேலை. கடைசி அலசலுக்கு நன்னீர் அல்லது ஆர்.ஓ. நீர் (சவ்வின் வழியே செலுத்தி உப்பு நீக்கிய நீர்)தான் வேண்டும். ஆர்.ஓ. சவ்வுக்கும் குளிர் பிடிக்காது. நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் வெளியாகும் நீர் சுமார் 3 சதவீதம் குறையும். 25 டிகிரியில் கிடைத்ததில் ஏறக்குறைய பாதிதான் 5 டிகிரியில் கிடைக்கும். இயந்திரத்தின் பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி வாங்கினால் குளிர்காலத்தில் தட்டுப்பாடு வரும்.

இத்தனை செலவையும் தாங்கக் கார்கள் போதாது என்றால், குளிர்காலத்தில் அடைத்துவிடுவதும் மதிப்பான தேர்வே. குழாய்களை வடித்து, கம்ப்ரஸர் காற்றை ஊதி மீதி நீரையும் வெளியேற்றி, ஆர்.ஓ. சவ்வைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வசந்தத்தில் திறக்கலாம்.

## சில இரவுகள் மட்டும் உறையும் மிதமான இடம்

இது எளிதான காலநிலை; அதனாலேயே இங்கே உடைந்த பம்ப்புகளை அதிகம் பார்த்திருக்கிறேன். ஆண்டில் பத்து இரவுதானே என்று யாரும் தயாராவதில்லை.

பத்து இரவுக்காக மூடிய கூடம் கட்டுவது வீண். சிறுகச் சிறுக நீரை ஓடவிடும் முறை இங்கே பொருந்தும். எட்டுக் குழாய்கள் பத்து மணி நேரம் ஓடினால் ஓர் இரவுக்கு 2,400 லிட்டர், பத்து இரவுக்கு 24,000 லிட்டர். ஆண்டுக்கு 400 கார்களின் நீர் என்றாலும், பாய்லரும் கதவும் கேட்கும் முதலீட்டோடு பார்த்தால் இது சிறிது. ஆனால் இதை மனிதர் நினைவில் வைத்துத் திறக்கக் கூடாது. வெளி வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரிக்கு இறங்கியதும் தெர்மோஸ்டாட் தானாகத் திறக்க வேண்டும். மின்சாரம் போனாலும் திறந்த நிலைக்குப் போகும் சோலனாய்டு வால்வாக (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) வாங்குங்கள்; கடுங்குளிர் இரவில்தான் மின்சாரமும் போகும். கன்னைத் தரையில் போட்டுவிட்டுப் போனால் ஓடும் நீர் தரையில் பரவி உறையும். வடிகாலுக்கு நேர் மேலே மாட்டும்படி கொக்கி வையுங்கள்.

இங்கே மூடிய கூடத்துக்கு ஒரே நல்ல காரணம் சத்தம். பம்ப் இரைச்சலும் நீர் மோதும் ஓசையும் சுற்றியுள்ள வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்தால் இரவு வியாபாரம் தடைபடும். கதவு அதற்கு விடை.

## வெப்பமும் வறட்சியும்

வறண்ட நாட்டில் காற்றே நமக்கு உதவி செய்கிறது. 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் நீரைத் தெளித்தால், ஆவியாதல் அந்தக் காற்றை 40 டிகிரியிலிருந்து 23 டிகிரி வரைகூடக் குளிரச் செய்யும். திறந்த கொட்டிலின் நிழலில், ஈரத் தரையின்மீது நிற்பதே இதமாக இருக்கும். சுவரால் அடைத்து அந்த வரத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. தகரக் கூரையுடன் நான்கு பக்கமும் மூடினால் அது சூளையாகிவிடும்.

ஆனால் அதே ஆவியாதல் காரின்மீதும் நடக்கிறது. வெயிலில் நின்ற கருநிறக் காரின் தகடு 60 டிகிரியைத் தாண்டும். சோப்பு நுரை அதன்மேல் நிமிடத்தில் காய்ந்து கறையாகும். கடின நீர் சுண்ணாம்புப் புள்ளிகளை விட்டுச் செல்லும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது கழுவப்படாத கார். எனவே ஆழமான கூரை வேண்டும்; காலை வெயிலும் மாலை வெயிலும் கொட்டிலுக்குள் நுழையாதபடி வாசல்களை வடக்கு தெற்காக அமைக்க முடிந்தால் நல்லது. முதலில் ஒரு நிமிடம் வெறும் நீரால் தகட்டைக் குளிர்விக்கும் அமைப்பு, கடின நீரை மென்னீராக்கும் கருவி, கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. நீர் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்தக் காலநிலையில் தொடங்காதீர்கள்.

ஆர்.ஓ. கருவி ஒதுக்கும் நீரைக் கொட்டிவிடுவது பெரும் தவறு. உப்புச் செறிவு சற்று அதிகம் என்றாலும் சக்கரத்துக்கும் முதல் பீச்சலுக்கும் அது போதும். மறுசுழற்சித் தொட்டிகளை மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் நீர் ஆவியாகும், உப்பு மட்டும் மிஞ்சி ஏறிக்கொண்டே போகும். நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். அளவை வாரம் ஒருமுறையாவது பார்த்து, ஏறியதும் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் சேர்க்க வேண்டும். இதை மறந்த கொட்டிலில் பம்ப் வால்வுகள் சுண்ணாம்பு படிந்து சிக்கிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

மணலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வண்டல் குழி நினைத்ததைவிட வேகமாக நிரம்பும்; வரைபடத்தில் காட்டிய ஆழத்தைப்போல இருமடங்கு தோண்டச் சொல்வேன். அதைவிடக் கொடியது நுரை பிரஷில் தங்கும் மணல். ஒருவர் கழுவாத காரின்மீது பிரஷைத் தேய்த்துவிட்டுப் போனால், அடுத்தவர் காரின் பெயிண்ட்டில் அது கோடு கிழிக்கும். நீர் பீச்சிய பிறகே பிரஷைத் தொட வேண்டும் என்ற அறிவிப்பைப் பெரிய எழுத்தில் வையுங்கள். பிரஷை அலசும் தனிக் குழாயும் வையுங்கள்.

புழுதிக் காற்று ஒரே திசையிலிருந்து வீசும் இடமென்றால் அந்தப் பக்கம் மட்டும் சுவர் போதும். புயல் அடிக்கடி வரும் இடத்தில் ஷட்டர் போட்ட பருவக் கொட்டில் நல்லது. புயல் நாளில் யாரும் கழுவ வரமாட்டார்கள், ஆனால் மறுநாள் எல்லாரும் வருவார்கள். அன்று காலையில் மணலை வாரிக்கொண்டிருந்தால் வரிசை வேறு இடத்துக்குப் போய்விடும்.

## வெப்பமும் ஈரமும், கடலோரமும்

முதலில் சொன்ன உரிமையாளர் சிக்கிக்கொண்டது இங்கேதான். 32 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் நீரைத் தெளித்தால் இரண்டு மூன்று டிகிரிதான் குளிரும். வறண்ட நாட்டில் கிடைத்த உதவி இங்கே கிடையாது. நீர் உறையவும் செய்யாது, போகவும் செய்யாது. சுவரில், சுவிட்சில், கூரையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு நாட்கணக்கில் இருக்கும். மூடிய கூடம் அந்த நீரைச் சிறைபிடிக்கும் பெட்டி.

எனவே கூரையை உயர்த்துங்கள், முகட்டில் காற்றுத் திறப்பு விடுங்கள், இருபுறமும் திறந்து வையுங்கள். பெரிய இறக்கைகள் கொண்ட, மெதுவாகச் சுழலும் விசிறி ஒன்று மூலைகளில் தேங்கும் காற்றை அசைக்கும். சுவருக்கு மெருகு ஓடு அல்லது எபாக்சி பூச்சு வேண்டும்; சாதாரண சிமெண்ட் பூச்சில் பூஞ்சை குடியேறிவிட்டால் சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும். தரையில் பாசி படிந்து வழுக்கும். பனி நாட்டில் பனிக்கட்டி செய்யும் வேலையை இங்கே பாசி செய்கிறது என்று ஊழியர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

மழையை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வரவு குறையும், மழை விட்ட முதல் வெயில் நாளில் குவியும். அது வியாபாரம் சார்ந்தது. வடிகால் சார்ந்தது இதைவிட முக்கியம். கொட்டில் நீர் வண்டல் குழி வழியாக எண்ணெய் பிரிப்புத் தொட்டிக்குப் போகிறது. எண்ணெய் மேலே மிதக்க, நீர் அசையாமல் நிற்க வேண்டும். வெளிமுற்றத்து மழைநீர் உள்ளே புகுந்தால் தொட்டியில் சேர்ந்த எண்ணெய் முழுவதையும் அடித்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் விடும். அதனால் திறந்த கொட்டிலின் வாசலில் சிறு மேடும் அதற்கு வெளியே குறுக்கு வடிகாலும் கட்டாயம். இந்த ஓர் இடத்தில் மட்டும் மூடிய கூடத்துக்கு மேன்மை உண்டு. மழைநீரை அது இயல்பாகவே தள்ளி வைக்கிறது.

அதே மழை கூரையில் விழும்போது செல்வம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 250 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 2,500 லிட்டர். முதல் நீரையும் சிந்தியதையும் கழித்தாலும் 2,000 லிட்டர் தேறும். முப்பதுக்கு மேற்பட்ட கார்களுக்கு அது போதும். கடினத்தன்மை இல்லாத நீர் என்பதால் சோப்பும் குறைவாகச் செலவாகும். இவ்வளவு நல்ல நீரை வாய்க்காலில் விடும் கொட்டில்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தேங்கிய வெதுவெதுப்பான நீர் வேறு தொல்லைகளையும் தரும். மறுசுழற்சித் தொட்டியில் காற்றுப் புகாவிட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றுக் குமிழி ஊதுவதோ ஓசோன் செலுத்துவதோ அதற்கு மருந்து. லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் 20 முதல் 45 டிகிரி நீரில் பெருகும். உயர் அழுத்தப் பீச்சல் நீரை நுண்துளியாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும். இந்தக் காலநிலையில் தொட்டி நீர் எப்போதும் அந்த வெப்பத்திலேயே இருப்பதால், கிருமிநீக்கத்தை விருப்பச் செலவாகக் கருதக் கூடாது. மூடிய கூடத்தில் நுண்துளி கலைய நேரமாகும் என்பது திறந்த கொட்டிலுக்கு இன்னொரு வாக்கு. கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். வியாபாரம் இல்லாத மழை வாரங்களில் குழிகளைத் திறந்து போட்டுவிடாதீர்கள்.

கடலுக்கு அருகே என்றால் உலோகத்தைப் பாருங்கள். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உப்புக்காற்றில் பழுப்பேறிப் புள்ளி புள்ளியாக அரிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 வகை விலை கூடினாலும் தாங்கும். எல்லாவற்றுக்கும் வேண்டாம், கன் கொக்கி, குழாய் இணைப்பு, கட்டணப் பெட்டி ஆகிய மூன்றுக்காவது 316 வாங்குங்கள். இடிமின்னல் மிகுந்த இடங்களில் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவி இல்லாமல் கட்டணப் பெட்டியின் மின்பலகை ஒரு பருவத்தைத் தாண்டாது.

## எங்கே கட்டினாலும் இயந்திர அறை

கொட்டில் திறந்ததோ மூடியதோ, பம்ப்பும் மின்பலகையும் ஆர்.ஓ. கருவியும் இருக்கும் அறை மட்டும் எல்லாக் காலநிலையிலும் மூடியே இருக்க வேண்டும். குளிர் நாட்டில் அது 5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. வெப்ப நாட்டில் 45 டிகிரியைத் தாண்டினால் ஆர்.ஓ. சவ்வு கெடும். ஈர நாட்டில் மின்பலகைப் பெட்டிக்குள் சிறு ஹீட்டர் ஒன்று எரிந்துகொண்டிருந்தால் உள்ளே நீர் கோக்காது. கொட்டிலுக்கு வரும் மின்னிணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவி கட்டாயம். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்பவர் நம் வாடிக்கையாளர்.

பழைய பணிமனையோ நிலத்தடி நிறுத்துமிடமோ வாடகைக்குக் கிடைத்து, மூடிய கூடம் தவிர வேறு வழி இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் காலநிலைக்கு முன்பு மூன்றைப் பார்க்க வேண்டும்: காற்றை வெளியேற்றும் வழி, வடிகாலின் ஆழம், தரைச் சரிவு. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு இல்லாத தரையை வைத்துக்கொண்டு எந்தக் காலநிலையிலும் நிம்மதியாகத் தொழில் செய்ய முடியாது. மேலே இன்னொரு பூச்சுப் போட்டுச் சரிவு தரக் கூரை உயரம் போதுமா என்று அளந்த பிறகே வாடகை பேசுங்கள்.

புது இடம் என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த ஊரின் மிக மோசமான வாரத்தில் அங்கே போய் ஒரு நாள் தங்குங்கள். விடியலில் ஒரு வாளி நீரைத் தரையில் ஊற்றுங்கள், நண்பகலில் ஒரு வாளி, இரவில் ஒரு வாளி. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அந்த நீர் இருந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கட்டட வரைபடத்தை அதன் பிறகு விரியுங்கள்.